பெயர்ப் பலகையும் சர்வரும்: டெல்லி வழக்கறிஞரின் இணைய முகவரி

தீஸ் ஹசாரி நீதிமன்ற வளாகத்தில் சேம்பர் வைத்திருக்கும் வழக்கறிஞர் ஒருவர், கதவில் மாட்டும் பெயர்ப் பலகையில் 'செக் பவுன்ஸ் வழக்குகளில் வல்லுநர்' என்று எழுதிக்கொள்ள முடியாது. 'வழக்கறிஞர் சங்க முன்னாள் தலைவர்' என்றும் போட முடியாது. பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். ஆனால் அவரே ஓர் இணையதளம் தொடங்கினால், எந்தெந்தத் துறைகளில் வழக்கு நடத்துகிறார் என்று அங்கே எழுதலாம். இரண்டையும் சொல்வது ஒரே விதி: இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-ஆவது. கதவுக்கு ஒரு நீதி, திரைக்கு ஒரு நீதி.

சட்டத் தொழில் நடத்துபவர் தன் எழுத்தையும் விவரங்களையும் இணையத்தில் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, ஹோஸ்டிங் விற்பவர்கள் இடஅளவு, வேகம், மாத வாடகை என்று மூன்று கணக்கில் பதில் சொல்லிவிடுவார்கள். மளிகைக் கடைக்கோ ஜவுளிக் கடைக்கோ அது போதும். டெல்லியில் தொழில் நடத்தும் வழக்கறிஞருக்குப் போதாது. அவர் கேட்க வேண்டியவை வேறு: முகவரி யார் பெயரில் இருக்கிறது? என் எழுத்துக்குப் பக்கத்தில் இந்த நிறுவனம் வேறு எதை வைக்கும்? கட்சிக்காரர் எனக்கு எழுதுவது எங்கே போய்ச் சேரும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் விலை தானாகவே தீர்ந்துவிடும். பெரிய தொகையும் அல்ல.

முதலில் விதியின் கதை. வக்கீல் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்பது இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம். அது எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு 1929-ஆம் ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றே சாட்சி. தன் பெயர், முகவரி, தொழில் விவரம் மட்டும் எழுதி அஞ்சலட்டை அனுப்புவதே முறைகேடு என்றது அந்தத் தீர்ப்பு. 1975-இல் தபோல்கர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே தொனியில் பேசியது. பம்பாய் போலீஸ் கோர்ட் வாசலில் கட்சிக்காரர்களை வழிமறித்து வழக்குப் பிடித்த வழக்கறிஞர்களைப் பற்றிய அந்த வழக்கில், சட்டத் தொழில் வியாபாரம் ஆகாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதியது இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

விதியைக் கொடுத்த இங்கிலாந்தே பிறகு மனம் மாறிக்கொண்டது, அதற்கு முன்பே அமெரிக்காவும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977-இல் பேட்ஸ் வழக்கில் வழக்கறிஞர் விளம்பரத்தைப் பேச்சுரிமையின் பகுதியாக ஏற்றது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு 1984-இல் அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் வணிக விளம்பரம் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று 1995-இல் டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தும் 36-ஆம் விதி அசையவில்லை. வி.பி. ஜோஷி என்பவர் அதை எதிர்த்து 2000-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2008-இல், விதியோடு ஓர் அட்டவணை சேர்ந்தது. இணையதளத்தில் ஐந்து வகை விவரங்கள் தரலாம்: பெயர்; முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல்; பதிவு எண், தேதி, எந்த மாநில பார் கவுன்சில், எந்தச் சங்கம்; படிப்பு; தொழில் நடத்தும் துறைகள். கீழே, இவை உண்மை என்ற உறுதிமொழி. பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். இவற்றுக்கு மேல் ஒரு வரி சேர்ந்தாலும் விதிமீறல். வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 35-ஆவது பிரிவில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். கண்டிப்பில் தொடங்கிப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது வரை அந்தப் பிரிவு போகும்.

இந்த ஐந்தில் கட்டுரை இல்லை, தீர்ப்பு விளக்கம் இல்லை, சட்டச் செய்தி இல்லை. எழுத்துக்கு எழுத்து படித்தால், வாடகை ஒப்பந்தம் பற்றி ஒரு பக்கம் எழுதித் தன் தளத்தில் போடுகிற டெல்லி வழக்கறிஞரும் மீறுபவரே. நடைமுறை வேறு. பெரிய சட்ட நிறுவனங்கள் எல்லாமே கட்டுரைகளும் அறிக்கைகளும் வெளியிடுகின்றன. நாளிதழ்களில் வழக்கறிஞர்கள் பத்தி எழுதுவது தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. அந்தத் தளங்களுக்குள் நுழையும்போது 'நான் சுயவிருப்பத்தில்தான் இங்கே வந்தேன்' என்று ஒப்புக்கொள்ளச் சொல்லும் ஒரு பெட்டி வரும். விதியில் அப்படியொரு பெட்டிக்கு இடமே இல்லை. நிறுவனங்கள் தாமாகவே வைத்துக்கொண்ட தாயத்து அது. உள்ளே இருப்பது வழக்குப் பிடிக்கும் எழுத்தாக இருந்தால், வாசலில் எத்தனை முறை ஒப்புதல் வாங்கினாலும் காப்பாற்றாது என்பது என் கருத்து.

விதி தூங்கவில்லை என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 3.7.2024 அன்று காட்டியது. ஜஸ்ட் டயல், சுலேகா, குவிக்கர் போன்ற தளங்களில் வழக்கறிஞர்கள் பட்டியலிடப்படுவதை எதிர்த்த வழக்கு அது. தாங்கள் வெறும் இடைத்தரகுத் தளங்கள், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்ற வாதத்தை நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு ஏற்கவில்லை. 'பிளாட்டினம்', 'பிரீமியம்' என்று வழக்கறிஞர்களுக்குப் பட்டம் கட்டுவதையும், நட்சத்திர மதிப்பீடு தருவதையும், நிர்ணயித்த விலைக்குச் சட்டச் சேவை விற்பதையும் கண்டித்தது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்குத் தேடுபவர்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி எல்லா மாநில பார் கவுன்சில்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. டெல்லியிலிருக்கும் இந்திய பார் கவுன்சில் அதே மாதம் அறிக்கை வெளியிட்டது. 2025 மார்ச்சில் இன்னொரு அறிக்கை: சினிமா நட்சத்திரங்களையும் சமூக ஊடகப் பிரபலங்களையும் வைத்து வீடியோ எடுக்கும் சட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கை.

ஆகவே ஒரு வகைச் சேவை முதலிலேயே கழிந்துவிடுகிறது. பட்டியல் தளம் கொடுக்கும் இலவசப் பக்கம், 'உங்கள் புரொஃபைல் ரெடி' என்று அழைக்கும் சட்டச் சந்தைகள், மதிப்பீட்டு நட்சத்திரத்தோடு வரும் எதுவானாலும் வேண்டாம். நட்சத்திரத்தை நீங்கள் கேட்டு வாங்கவில்லை என்றாலும், உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அது நிற்கும்.

அடுத்தது இலவசத் தளங்கள். இதில் ஒருதலைப்பட்சமாகப் பேச முடியாது. இந்தியச் சட்ட எழுத்தில் பெயர் பெற்ற பல முயற்சிகள் இலவச இடத்தில்தான் முளைத்தன. அறிவுசார் சொத்துரிமை பற்றி ஷம்நாத் பஷீர் 2005-இல் தொடங்கிய 'ஸ்பைசி ஐபி' கூகுளின் பிளாக்ஸ்பாட்டில் பிறந்து, பிறகுதான் சொந்த முகவரிக்கு மாறியது. அரசமைப்புச் சட்டம் பற்றிக் கௌதம் பாட்டியா 2013-இல் எழுதத் தொடங்கியது வேர்ட்பிரஸ் நிறுவனத்தின் முகவரியில். படிப்பவர்கள் முகவரியைப் பார்த்து வரவில்லை, எழுத்தைப் பார்த்து வந்தார்கள். ஆனால் அவை ஆய்வாளர்களின் எழுத்து மேடைகள். கட்சிக்காரரைத் தேடும் சேம்பர்கள் அல்ல. சேம்பருக்கு இலவச இடத்தில் இரண்டு ஆபத்து உண்டு.

முதலாவது விளம்பரம். இலவசத் திட்டத்தில் உங்கள் பக்கத்தில் எதைக் காட்டுவது என்பதைச் சேவை நிறுவனம் தீர்மானிக்கிறது. ஜாமீன் பற்றி நீங்கள் எழுதிய பத்திக்குக் கீழே இன்னொரு சட்டச் சேவையின் விளம்பரமோ கடன் வசூல் நிறுவனத்தின் விளம்பரமோ வரலாம். விளம்பரமே செய்யக் கூடாத தொழிலில் இருப்பவரின் பக்கம் விளம்பரப் பலகையாகிவிடும்.

இரண்டாவது, அக்கம்பக்கம். 2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்புகள் நடந்த சில நாட்களில், சில இணையப் பக்கங்களை முடக்கும்படி டெல்லியிலிருந்து இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. அவர்களுக்கு அந்தச் சில பக்கங்களை மட்டும் தனியே பிரித்து மறைக்கத் தெரியவில்லை, அல்லது மெனக்கெடவில்லை; பிளாக்ஸ்பாட், டைப்பேட், ஜியோசிட்டீஸ் தளங்களையே மொத்தமாக மறைத்துவிட்டார்கள். சமையல் குறிப்பு எழுதியவரும் கவிதை எழுதியவரும் காணாமல் போனார்கள். 2014 டிசம்பரில் மறுபடியும் 32 தளங்கள் முடக்கப்பட்டபோது வீப்ளி, 000வெப்ஹோஸ்ட் முதலிய இலவச ஹோஸ்டிங் தளங்களும் பட்டியலில் இருந்தன. வேறு யாரோ போட்ட பக்கத்துக்காக உங்கள் சேம்பரின் கதவு பூட்டப்படும். 000வெப்ஹோஸ்டில் இன்னொரு பாடமும் உண்டு: 1 கோடியே 30 லட்சம் கணக்குகளின் கடவுச்சொற்கள் எந்தக் குறியாக்கமும் இல்லாமல் அப்படியே வெளியே கசிந்த செய்தி 2015-இல் வந்தது.

பணம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் வழக்கறிஞர்களுக்கென்றே எழுத்துத் தளம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. கெவின் ஓகீஃப் தொடங்கிய லெக்ஸ்பிளாக் அவற்றில் முன்னோடி. வடிவமைப்பு, பாதுகாப்பு, பேக்கப், உதவி எல்லாம் ஒரே கையில் கிடைக்கும். அங்கே தொழில் நடத்துபவருக்கு அது நல்ல ஏற்பாடு. டெல்லிக்காரர் அதை அப்படியே எடுத்து வைத்தால் வம்பு. அமெரிக்கச் சட்டத் தளங்களுக்கான தயார் வடிவங்களைத் திறந்து பாருங்கள்: முகப்பில் 'இலவச ஆலோசனைக்கு அழைக்கவும்', நடுவில் கட்சிக்காரர்களின் பாராட்டு, ஓரத்தில் விருதுப் பதக்கங்கள், கீழே 'வென்றால் மட்டுமே கட்டணம்'. முதல் மூன்றும் 36-ஆம் விதிக்கு விரோதம். கடைசியானது அதைவிடப் பெரிய குற்றம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை 20-ஆம் விதி தனியாகவே தடுக்கிறது. வடிவமைத்துக் கொடுப்பவர் இதையெல்லாம் அழகுக்காக வைத்தேன் என்பார். நோட்டீஸ் வழக்கறிஞருக்குத்தான் வரும்.

விளம்பரத்தை அனுமதிக்கும் நாட்டிலும் எழுத்து எல்லை தாண்டும் இடம் உண்டு. விர்ஜீனியா மாநிலத்தில் ஹொரேஸ் ஹன்டர் என்ற குற்றவியல் வழக்கறிஞர் எழுதிய பதிவுகளில் பெரும்பாலானவை அவரே வென்ற வழக்குகளைப் பற்றியவை. அது சட்ட விமர்சனம் ஆகாது, தொழில் விளம்பரம்தான். ஆகவே அதற்குரிய அறிவிப்பு வேண்டும் என்று 2013-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறந்த நீதிமன்றத்தில் நடந்ததைப் பற்றி எழுதுவதைத் தடுக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நம் ஊர் வழக்கறிஞருக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைக்காது. சட்டத்தைப் பற்றி எழுதுங்கள். நீங்கள் வென்றதைப் பற்றி எழுதாதீர்கள்.

பணம் கட்டிய சேவையும் ஒருநாள் கடையைச் சாத்தும். 2003 முதல் நடந்த டைப்பேட், அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் பலருக்குப் பல ஆண்டுகள் வீடாக இருந்தது. 2025 ஆகஸ்டில் மூடப்போவதாக அறிவித்து, செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. எடுத்துச் செல்ல ஒரு மாதம்தான் அவகாசம். சேவையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது: என் எழுத்து முழுவதையும், படங்களோடும் தேதிகளோடும், வேறு இடத்தில் திறக்கக்கூடிய கோப்பாக நானே இறக்கிக்கொள்ள முடியுமா? விற்பனையாளர் 'எங்களிடம் சொன்னால் அனுப்புவோம்' என்று இழுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

இனி முகவரி. வீடு வாடகைக்கு இருக்கலாம், பட்டா மட்டும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். டொமைன் விஷயத்தில் இதுதான் சட்டம். டொமைன் உங்களுடையதாக இருந்தால், ஹோஸ்டிங் நிறுவனம் மூடினாலும் சண்டை போட்டாலும் ஒரே நாளில் வேறு சர்வருக்குத் திருப்பிவிடலாம். படிப்பவருக்கு மாற்றம் தெரியாது. டெல்லியில் வழக்கமாக நடப்பது என்ன? ஜூனியருக்குத் தெரிந்த ஒரு வெப் டிசைனர் வருவார். டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்வார். இரண்டு ஆண்டு கழித்துத் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொள்வார். புதுப்பிக்கும் தேதி கடந்த பிறகுதான் சேம்பருக்குத் தெரியவரும். அதற்குள் அந்தப் பெயரை வேறொருவர் வாங்கியிருந்தால், சேம்பரின் மின்னஞ்சலும் சேர்ந்தே போகும். கட்சிக்காரர் அனுப்பும் ஆவணம் யாருடைய பெட்டியில் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

டாட் இன் முகவரிகளை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. அதன் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்களிடம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் சொச்சத்துக்குள் வாங்கிவிடலாம். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிப்பு விலையைக் கேளுங்கள். பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் வழக்கறிஞரின் பெயர் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். அதே டொமைனின் மின்னஞ்சலைத் தொடர்புக்குக் கொடுக்காமல் வேறொன்றைக் கொடுங்கள். பத்து நிமிட வேலை. சேம்பர் பெயராக ஊர்ப்பெயரையும் தொழிலையும் சேர்த்து 'டெல்லி விவாகரத்து வக்கீல்' என்பது போல் டொமைன் வாங்கச் சொல்லி ஆசை காட்டுவார்கள், தேடலில் முதலில் வருமாம். டொமைனே விளம்பரமாகிவிடும். சொந்தப் பெயரே போதும்.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதை வேகத்துக்காகப் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களுக்கு மும்பையில் தரவு மையங்கள் உண்டு. கூகுள் 2021-இல் டெல்லிப் பகுதியிலும் திறந்தது. ஐந்து விவரங்களும் சில கட்டுரைகளும் கொண்ட பக்கத்துக்கு எந்த ஊரும் போதும். சட்டத்துக்காகத்தான் இடம் முக்கியமாகிறது. இணையப் பாதுகாப்புக்கான செர்ட்-இன் அமைப்பு 28.4.2022 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கிளவுட் இடம் விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு காக்க வேண்டும். உங்கள் சேவை நிறுவனம் இதைக் கேள்விப்பட்டிருக்கிறதா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பதில் வரும் வேகமே பாதி விடை.

தொடக்கத்தில் சொன்ன மூன்று கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கடைசிக் கேள்வி. பெரும்பாலான தளங்களில் 'உங்கள் பிரச்சினையை எழுதுங்கள்' என்று ஒரு படிவம் இருக்கும். கணவர் அடிக்கிறார், பங்காளி நிலத்தை எழுதி வாங்கிவிட்டான், அலுவலகத்தில் பணம் கையாடியதாகச் சொல்கிறார்கள் என்று மனிதர்கள் அதில் கொட்டிவிடுவார்கள். அது வழக்கறிஞரின் மேசைக்கு மட்டும் வருவதில்லை. ஹோஸ்டிங் சர்வரின் தரவுத்தளத்தில், படிவத்துக்கான செருகுநிரல் எழுதிய நிறுவனத்தின் சர்வரில், பேக்கப்பில், மின்னஞ்சல் சேவையில் என்று நான்கு இடத்தில் பிரதி கிடக்கும்.

வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சை பாரதிய சாட்சிய அதிநியம் 132-ஆவது பிரிவு காக்கிறது. விசாரணை அமைப்புகள் வழக்கறிஞர்களுக்கே சம்மன் அனுப்பிய விவகாரத்தை 2025-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு வந்த நோட்டீஸும் அதற்குக் காரணமான நிகழ்வுகளில் ஒன்று. அக்டோபர் 31-இல் வந்த தீர்ப்பு, சட்டம் சொல்லும் விதிவிலக்குகள் இருந்தாலொழிய அப்படிச் சம்மன் அனுப்பக் கூடாது என்றது; வழக்கறிஞரின் டிஜிட்டல் கருவியைக் கேட்டால், அதை நீதிமன்றத்தின் முன்புதான் ஒப்படைக்க வேண்டும் என்றது. உங்கள் அலமாரியில் இருக்கும் கணினிக்குக் கிடைத்த இந்தக் காவல், வேறு நாட்டில் இருக்கும் படிவ நிறுவனத்தின் சர்வருக்கு வந்து நிற்குமா? அவர்களிடம் கடிதம் போனால் உங்களைக் கேட்டுவிட்டா கொடுப்பார்கள்? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இன்னொரு பக்கம் நெருக்குகிறது. சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுகளுக்குப் பல கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. தரவைப் பத்திரமாக வைக்கும் கடமைக்கு விலக்கே இல்லை, தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

இதற்கு விலையுயர்ந்த பாதுகாப்பு மென்பொருள் தேவையில்லை. படிவத்தை எடுத்துவிட்டால் போதும். தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட விதியே அனுமதிக்கிறது, அது போதுமானது. அரட்டைப் பெட்டி, பார்வையாளரைப் பின்தொடரும் நிரல்கள் எல்லாம் அதே கணக்கில் வெளியே போகட்டும். இவை போன பிறகு தளம் வெறும் பக்கங்களாகச் சுருங்கும். தரவுத்தளமே வேண்டாத நிலையான பக்கங்களாக வைத்தால், பூட்டை உடைத்து உள்ளே வருபவனுக்கும் எடுத்துப்போக ஒன்றும் இருக்காது. வேர்ட்பிரஸ்தான் வேண்டும் என்பவர், செருகுநிரல்களை மாதம் தவறாமல் புதுப்பிக்க ஆள் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

விதியை ஆதரிப்பவன் என்று என்னை எண்ண வேண்டாம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தோற்றுவிட்டு உச்ச நீதிமன்றம் போக நினைப்பவருக்கு டெல்லியில் யாரைத் தெரியும்? அங்கே மனுத் தாக்கல் செய்ய, வழக்கறிஞர்களில் 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு' தகுதி பெற்றவரால்தான் முடியும்; அவர் நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் நீதிமன்றத் தளத்தில் கிடைக்கும். யார் நில வழக்கு பார்ப்பார், யார் பணி வழக்கு பார்ப்பார் என்று அதில் தெரியாது. அந்த இடைவெளியில்தான் தரகர் வளர்கிறார். 2023-இல் வழக்கறிஞர்கள் சட்டத்தைத் திருத்தித் தரகர்களுக்கு மூன்று மாதம் வரை சிறை என்று எழுதினார்கள். தெளிவாக எழுதப்பட்ட ஒரு சட்டக் கட்டுரை அந்தத் தரகரின் வேலையில் பாதியைப் பறித்திருக்கும்.

டெல்லியில் இன்று சேம்பர் தொடங்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், சொந்தப் பெயரில் டாட் இன் முகவரி, இந்தியாவில் சர்வர் வைத்திருக்கும் சிறிய கட்டணச் சேவை, படிவமில்லாத பக்கங்கள், மாதம் ஒருமுறை சேம்பர் கணினியில் ஒரு பிரதி என்றுதான் சொல்வேன். ஐந்து விவரங்கள் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். எழுத்து அதிலிருந்து விலகித் தனியே இருக்கட்டும். எழுத்தின் முடிவில் 'தொடர்புகொள்ளவும்' என்ற வரி வேண்டாம். பார் கவுன்சிலிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 2008 அட்டவணையில் ஆறாவதாக, 'சட்டம் பற்றிய பொதுக் கட்டுரைகள்' என்ற நான்கு சொற்களைச் சேருங்கள்.